காட்டுக்கள்ளன் படத்துக்கு ஆர் வயலின்?

வயலின் வாசிக்கிற பெண்சாதியை வீட்டில் வைத்துக்கொண்டு, என் மனுசன் வேறொரு பெண்ணை வயலினுக்குக் கூப்பிட்டார். இதுதான் விசயம். மிச்சமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். "இதுக்குப் போய் இவ்வளவு கதையோ" என்று நினைக்கிற ஆட்கள் இப்போதே எழும்பிப் போகலாம். எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.

நாங்கள் லண்டனில், ஸ்ட்ரெதமில் இருக்கிறோம். அவர் கிழமை நாட்களில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார், சனி ஞாயிறுகளில் மிருதங்கம் வாசிக்கிறார். நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் சட்டனில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். தென்லண்டனில் எத்தனையோ பெண்பிள்ளைகளின் நடன அரங்கேற்றத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்திருக்கிறோம். மேடையின் கரையில் நட்டுவாங்கம் செய்கிற டீச்சர் இருப்பா, பக்கத்தில் பாட்டுக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் என் மனுசன், இந்தப் பக்கம் நான். சனம் ஆடுகிற பிள்ளையைப் பார்க்கும். அவர் என்னைப் பார்ப்பார்.

இந்தப் பார்வையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. வீட்டில் அவர் வாய் திறக்கிறது சாப்பிடத்தான். "சோறு போட்டாச்சோ", "கார்த் திறப்பு எங்கை", "நாளைக்கு விடிய ஷிப்ட்". ஒரு நாளைக்கு அவ்வளவுதான் கதை. ஆனால் மிருதங்கத்தை முன்னால் வைத்தாரென்றால் என் முகத்தை விட்டுக் கண் எடுக்கமாட்டார். தாளம் கொஞ்சம் ஓடினால் என் இடது புருவம் எழும்பும், உடனே இழுத்துப் பிடிப்பார். சத்தம் கூடினால் நான் உதட்டை மடிப்பேன், கை அடங்கிவிடும். கலியாணம் கட்டி இத்தனை வருசத்துக்குப் பிறகும் பெண்சாதியின் முகத்தையே மணித்தியாலக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனை மனுசன்மாரை உங்களுக்குத் தெரியும்? என் சிநேகிதிகளின் மனுசன்மார் ரிவியைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குள் கதை இல்லை என்று ஆரும் சொன்னால், நீங்கள் எங்களை மேடையில் பார்த்ததில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். எனக்கு அதில் சரியான பெருமை.

சட்டனில் ஒரு சின்னப் படச் சங்கம் இருக்கிறது. பழைய ஊமைப்படங்களைத் தேடிப் பிடித்து, ஒரு தேவாலயத்து மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுகிற வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகளின் சங்கம். படத்தில் சத்தம் இல்லாதபடியால், திரைக்குப் பக்கத்தில் ஆரையாவது இருத்தி, படம் ஓட ஓட வாசிக்கச் சொல்வார்கள். வழக்கமாகப் பியானோதான். இந்த முறை வேறு மாதிரிச் செய்து பார்ப்போம், இந்தப் பக்கத்தில் இவ்வளவு தமிழர் இருக்கிறார்கள், அவர்களும் வரட்டும் என்று சங்கத்தின் தலைவிக்கு ஒரு எண்ணம் வந்திருக்கிறது. அந்த மனுசி எங்கேயோ ஒரு அரங்கேற்றத்தில் என் மனுசனின் மிருதங்கத்தைக் கேட்டிருக்கிறா. தேடிப் பிடித்து அவரிடம் கேட்டா.

படம் இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிற காட்டுக்கள்ளன். வில்லும் அம்பும், இறகு குத்தின தொப்பி, காலோடு ஒட்டின காற்சட்டை. இந்தக் கதையைப் பிறகு எத்தனையோ தரம் எடுத்துவிட்டார்கள். இது ஆகப் பழையவற்றில் ஒன்று, சினிமாவுக்கு வாய் வருவதற்கு முந்தினது. காடு வருகிற இடமெல்லாம் பச்சைச் சாயம், இருட்டு வந்தால் நீலச் சாயம். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் திரிகிறார்கள். கள்ளனுக்கும் கண்ணில் மை அப்பியிருக்கிறது, அவனைத் துரத்துகிற அதிகாரிக்கும் மை அப்பியிருக்கிறது. கள்ளனுக்கு ஒரு பிரபு வீட்டுப் பெண்ணில் விருப்பம். அதிகாரிக்கும் அவளில்தான் விருப்பம். அவள் கள்ளனைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு தரமும் அதிகாரியின் முகத்தைக் கிட்டக் காட்டுவார்கள். அந்த மூக்கு விடைப்பும் அந்த விரல் நெரிப்பும்! அப்படி ஒரு பொறாமையை நான் எந்தப் பேசும் படத்திலும் கண்டதில்லை. படம் முழுக்க எனக்கு அந்த மனுசனில்தான் இரக்கம் வந்தது.

இந்த வேலை வந்ததை என் மனுசன் எனக்குச் சொன்னது சாப்பாட்டு மேசையில்.

"ஒரு படத்துக்கு வாசிக்கக் கேட்டிருக்கினம்," என்றார், சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. கதை என்ன, எங்கே, எப்படி என்று நான் கேட்கக் கேட்க ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு உடனே மனதுக்குள் ராகங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. காட்டுக்கு இது, குதிரை ஓட்டத்துக்கு இது, அந்தப் பெண் வந்தால் இது என்று நான் அடுக்கிக்கொண்டிருக்க, அவர் சொன்னார்:

"வயலினுக்கு டொக்டரைக் கேட்டனான். அவ ஓமெண்டுட்டா."

"எந்த டொக்டர்?" என்றேன். எந்த டொக்டர் என்று எனக்குத் தெரியாதாக்கும்!

சென்னையில் இருந்து வந்து சட்டன் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற குழந்தை வைத்தியர். எங்களைவிட நல்லாய் வயது குறைவு. வந்த புதிதில் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வயலின் வாசித்தா. நன்றாக வாசித்தாவோ என்று கேட்டால், வாசித்தா. பொய் சொல்லேலாது. அதில்தான் எனக்கு எரிச்சல். வாசிக்கத் தெரியாதவவாக இருந்திருந்தால் நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம் பழகுங்கோ" என்று தட்டிக் கொடுத்திருப்பேன். இன்னொன்று, அவ என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவா, அவரை மட்டும் "சார்" என்பா. அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் என் வருத்தத்தில் பாதி அன்றே தீர்ந்திருக்கும். அக்காவின் மனுசன் என்னண்டு சார் ஆவார்? அத்தான் என்றாவது சொல்லலாம். இல்லை, வேண்டாம், அத்தான் வேண்டாம்.

ஏன் என்னைக் கேக்கேல்லை என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் நான் ஆசைப்பட்டது தெரிந்துவிடும். "நல்லது," என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அன்று பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவப்பட்டன. அவருக்குக் கேட்டிருக்கும். மிருதங்கக்காரருக்குக் கேட்காத சத்தமா?

மகள் லீட்ஸில் படிக்கிறாள். அவளுக்குப் போன் எடுத்து ஒரு மூச்சில் கொட்டினேன்.

"அம்மா, ஆர் யூ ஜெலஸ்?" என்றாள் சிரித்துக்கொண்டு.

"ஓம், ஜெலஸ்தான். இப்ப அதுக்கு என்ன?"

"தென் ஜஸ்ட் ஆஸ்க் அப்பா."

"கொப்பரிட்டைக் கேட்டு ஒழுங்கா மறுமொழி வந்த நாள் ஒண்டு சொல்லு, பாப்பம்."

அவள் கதையை மாற்றினாள். வளர்ந்த வீடு அவளுக்குத் தெரியும்தானே.

ஒத்திகை எங்கள் வீட்டு ஹோலில், ஞாயிற்றுக்கிழமை காலையில். படத்தை ரிவியில் போட்டுவிட்டு இரண்டு பேரும் நிலத்தில் பாய் விரித்து இருப்பார்கள். நான் குசினியில். கதவைச் சாத்தலாம்தான். சாத்தினால் எப்படிக் கேட்கிறது?

கேட்டதை என்னால் நம்ப ஏலாமல் இருந்தது. என் மனுசன் கதைக்கிறார்! முழு வசனங்களாகக் கதைக்கிறார். "உந்த இடத்திலை குதிரை வருது, நீங்கள் சும்மா ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் குளம்புச் சத்தத்தை எடுக்கிறன்." "இவன் மரத்திலை இருந்து குதிக்கேக்கை ரெண்டு பேரும் ஒண்டும் வாசியாமல் விட்டால் என்ன? கீழை விழுந்த பிறகு தொடங்குவம்." கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் இவ்வளவு சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை. டொக்டர் அதற்கு, "சார், சூப்பர் ஐடியா சார்! நான் வேணும்னா அந்த இடத்துல வில்லை இழுக்கற மாதிரி ஒரு சத்தம் குடுக்கறேன்," என்பா. பிறகு வயலினில் என்னவோ கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபடியால் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

கோப்பி கொண்டுபோகிற சாட்டில் நான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். "அக்கா, உங்க காபி எங்கம்மா காபி மாதிரியே இருக்கு," என்பா. எனக்கு அவ்வளவு வயது போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். என்னைப் பார்க்கிற மாதிரி அவர் அவவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார், மிருதங்கத்தைப் பார்த்தார், சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். என்னோடு வாசிக்கும்போது அவர் ஒரு நாளும் கண் மூடினதில்லை. அந்த இடம் இன்னும் என்னுடையதுதான் என்று எண்ணிக்கொண்டு கோப்பிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போவேன்.

இதற்குள் சங்கத்தலைவிக்கு இன்னொரு யோசனை வந்தது. படத்தில் இடைக்கிடை கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீசில் வசனம் வரும். வருகிற தமிழ் ஆட்களில் வயது போனவர்களுக்கு அதை எட்டிப் பிடித்து வாசிக்க ஏலாது. ஆராவது மைக்கில் அதைத் தமிழில் சொன்னால் நல்லது என்றா. என் மனுசன் என்னை ஒரு சொல் கேட்காமல், "மை வைஃப் வில் டூ இட்," என்று சொல்லிவிட்டார். வயலினுக்கு அவ, வாய்க்கு நான்! கண்டறியாத ஊமைப்படம், நீங்களே வாசியுங்கோ என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். வீட்டில் இருந்தால் என்ன நடக்கிறதென்று தெரியாது. மைக்கோடு இருந்தால் திரையின் மற்றக் கரையில் இருந்து இரண்டு பேரையும் நேரே பார்க்கலாம். சரி என்றேன்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்று காலையில் என் மனுசன் தானே சட்டையை அயன் பண்ணினார். அயன் பெட்டி எந்த அலுமாரியில் இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்ததே எனக்குப் புதினம். மண்டபத்துக்குப் போனால், டொக்டர் மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறா. நான் கறுப்புச் சேலை. இருட்டில் இருந்து வசனம் வாசிக்கிறவளை ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று கட்டினது. அவவைக் கண்டவுடனே என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

சனம் எதிர்பார்த்ததைவிடக் கூட. முன்பாதியில் சங்கத்து வெள்ளைக்காரர், பின்பாதி முழுக்க எங்கட ஆட்கள். எங்கட ஆட்கள் வருகிறார்களென்றால் சாப்பாடு இல்லாமலா? கதவுக்குப் பக்கத்து மேசையில் ரோல்சும் வடையும் கேசரியும் துணி போட்டு மூடியிருந்தன. படம் முடிந்த பிறகுதான் திறப்பது என்று தலைவி இரண்டு தரம் சொல்லிவிட்டா.

விளக்கு அணைந்தது. பச்சைக் காடு வந்தது. நான் சும்மா சொல்லவில்லை, இரண்டு பேரும் வடிவாகத்தான் தொடங்கினார்கள். குதிரைகள் வந்தபோது மிருதங்கத்தில் குளம்புச் சத்தம் எழும்பி, வெள்ளைக்காரர் "ஆ" என்றார்கள். அந்த "ஆ"வில் எனக்குப் பெருமையும் வந்தது, எரிச்சலும் வந்தது. என்னுடைய முறை வந்தபோது விட்டேனா? கள்ளன் நெடுநாளைக்குப் பிறகு அந்தப் பெண்ணைத் தேடி மதிலேறி வருகிறான். "தங்களின் வரவுக்காகக் காத்திருந்தேன்" என்கிற மாதிரி ஏதோ நாகரிகமான இங்கிலீசு பலகையில் வந்தது. நான் மைக்கை வாயோடு வைத்து, "இவ்வளவு நாளும் எங்கை போய்த் துலைஞ்சனீங்கள்?" என்றேன். பின்பாதி மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் மிருதங்கத்தின் பக்கம் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பல்லை நெரித்துக்கொண்டு, "அந்தக் கள்ளனிடம் அப்படி என்னத்தைக் கண்டாள்?" என்கிற இடம் வந்தபோது நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. கள்ளன் என்ற இடத்தில் வேறு ஆளை நினைத்துக்கொண்டு சொன்னேன், அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பாசை விளங்காமலே, திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினா.

வில்வித்தைப் போட்டி முடிந்தது. கள்ளனும் அந்தப் பெண்ணும் மரத்தடியில் சந்திக்கிறார்கள். கையைப் பிடிக்கிறான், அவள் தலை குனிகிறாள், பச்சை வெளிச்சத்தில் இலைகள் ஆடுகின்றன. ஒத்திகையில் டொக்டர் இந்த இடத்துக்குக் காபி ராகம் வாசிப்பா. அன்று அவவுக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சோடியைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டதோ, மத்தியமாவதியை எடுத்தா. முதல் வரி காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, உது மங்களமல்லோ!

கச்சேரி என்றாலும் அரங்கேற்றம் என்றாலும் கடைசியில் அந்த ராகத்தில் மங்களம் பாடி முடிப்பதைத்தான் எங்கள் சனம் பழகி வைத்திருக்கிறது. அதில் இரண்டு வரி கேட்டால் போதும், கால் தன்பாட்டில் செருப்பைத் தேடும், கை கைப்பையைத் தேடும். மங்களம் முடிவதற்குள் பின்வரிசை சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும். டொக்டரோ ராகத்தில் சொக்கிப்போய் அதை நிறைவாக இறக்கி முடித்தா. என் மனுசனும் கண்ணைத் திறக்காமல், பழக்கதோசத்தில், கச்சேரி முடிக்கிற மாதிரி முத்தாய்ப்பு வைத்து மூன்றாம் தரம் ஓங்கி அடித்து நிறுத்தினார்.

பின்பாதி மண்டபம் முழுக்கக் கைதட்டிக்கொண்டு எழும்பியது. கதிரைகள் இழுபட்டன. "கெதியா முடிச்சிட்டினம், நல்ல பிள்ளையள்," என்றா ஒரு மாமி. "சோடியைச் சேத்து வைச்சிட்டினம், அது போதும்," என்றபடி இன்னொருவர் ரோல்ஸ் மேசையின் துணியைத் தூக்கினார். தமிழர் எழும்புவதைக் கண்டு, இடைவேளையாக்கும் என்று வெள்ளைக்காரரும் எழும்பத் தொடங்கினார்கள். திரையில் பாவம் அந்தக் கள்ளனை அதிகாரியின் படை சுற்றி வளைக்கிறது, அவன் வாளை உருவுகிறான், பார்க்க ஒருத்தரும் இல்லை. டொக்டரின் வயலின் வில் அந்தரத்தில் நின்றது. அவவின் முகம் வெளிறிப்போனது.

அப்போதுதான், அன்றைக்கு முதல் தரமாக, என் மனுசன் என்னைப் பார்த்தார். இருட்டுக்குள்ளும் அந்தக் கண் எனக்குத் தெரிந்தது. நான் பொய் சொல்லமாட்டேன், எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வேணும்! சூப்பர் ஐடியா சார்! இப்ப ஆரைப் பாக்கிறீங்கள்?

ஆனால் மிருதங்கம் என் வீட்டு மிருதங்கம். அதன் மானம் போக விடேலுமோ? மைக்கை எடுத்துக் கத்தினேன்.

"இருங்கோ! எல்லாரும் இருங்கோ! கதை முடியேல்லை! உங்கை அவன்ரை கழுத்திலை கயிறு போடப்போறாங்கள், நீங்கள் ரோல்சிலை நிக்கிறியள்!"

மண்டபம் அப்படியே நின்றது. பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கோ, கூரை பறக்கிற சிரிப்பு. கையில் ரோல்ஸ் எடுத்தவர்கள் எடுத்ததோடேயே திரும்பி ஓடிவந்து இருந்தார்கள். "ஐயோ, அவனைப் பிடிச்சிட்டாங்கள்," என்று அந்த மாமி வாய்நிறைய ரோல்சோடு சொன்னது எனக்குக் கேட்டது. காப்பாற்றிவிட்டேன் என்கிற பெருமிதத்தோடு என் மனுசனின் பக்கம் திரும்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். புன்சிரிப்பு அல்ல. மிருதங்கத்தின் மேல் கவிழ்ந்து, தோள் குலுங்க, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். டொக்டர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், திரும்பவும் சிரிக்கிறார்கள். அத்தனை மேடையில் இருந்த மனுசன், மேடையில் அவரின் பல்லை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கள்ளனின் கழுத்தில் கயிறு விழுந்தது. அதிகாரி மூக்கை விடைத்தான். நான் பலகையில் வந்ததைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

அந்தப் பிழைக்குப் பிறகு அவர்கள் வாசித்ததுதான் வாசிப்பு. பயம் விட்டுப்போய், இரண்டு பேரும் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுகிற மாதிரி வாசித்தார்கள். கள்ளனைக் கயிற்றிலிருந்து அறுத்து மீட்கிற இடத்தில் சனம் விசிலடித்தது.

முடிந்த பிறகு டொக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "அக்கா, நீங்க இல்லன்னா என் மானமே போயிருக்கும்!" என்றா. நான் முதுகில் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கலாம். சங்கத்தலைவி மூன்று பேருக்கும் கை கொடுத்து, அடுத்த படத்துக்கும் அதே இரண்டு பேரும்தான் வாசிக்க வேண்டும் என்று கேட்டா. என் மனுசன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு என் பொறுமை முடிந்தது.

வீட்டுக்கு வருகிறபோது வெயில் இன்னும் இருந்தது. ஸ்ட்ரெதம் பெரிய வீதியில் வழக்கம் போல வாகனங்கள் ஊர்ந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது.

"ஏன் என்னைக் கேக்கேல்லை?" என்றேன்.

"என்னத்தை?"

"வயலினுக்கு. நான் வீட்டிலை குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். ஏன் அவ? அவவை உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுக்கொண்டுதோ?"

அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்து, நாங்களும் நகர்ந்து, திரும்ப நின்ற பிறகு சொன்னார்.

"உது ஒருநாளும் செய்யாத வேலை. பிழை வரும் எண்டு தெரியும்."

"வந்தால் என்ன?"

"அவவோடை எண்டால், பிழை விட்டிட்டுச் சிரிக்கலாம்."

"என்னோடை எண்டால்?"

"உம்மோடை எண்டால், உம்மடை முகத்தைப் பாக்கவேணும்."

எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரித்தான் இருந்தது. "என்ரை முகத்தை நீங்கள் எப்பவும் பாக்கிறனீங்கள்தானே," என்றேன்.

"ஓம். பயத்திலை," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சோறு போட்டாச்சோ என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். வீடு வந்தது. அவர் இறங்கி, பின் கதவைத் திறந்து, மிருதங்கத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். நான் காருக்குள்ளேயே இருந்தேன். ஒரு அரங்கேற்றம் மிச்சமில்லாமல், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை மேடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

இப்போது எனக்கு அந்த டொக்டரின் வயலினில் பொறாமை இல்லை. சேலையிலும் இல்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவ விட்ட பிழையில்தான் பொறாமை. அதை நான் விட்டிருக்கவேண்டும், அவர் என்னோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கவேண்டும். அந்தக் கிழமை முழுக்க, பல்வலிக்காரருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும்போதும் எனக்கு அந்த ஒரு எண்ணம்தான்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை இல்லை. வீடு அமைதியாக இருந்தது. நான் வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தேன். "வாங்கோ, சும்மா கொஞ்சம் வாசிப்பம்," என்றேன். அவர் பாயை விரித்து எதிரே இருந்தார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடிய கீர்த்தனை ஒன்றைத்தான் எடுத்தேன். புருவத்தை அசைக்கிறதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். சிரித்த முகமாக இருக்கப் பார்த்தேன். அது எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவர் வழக்கம் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தார்.

இரண்டாம் வரியில், வேணுமென்றே, எடுக்கவேண்டிய இடத்தை விட்டுத் தாளத்தில் ஒரு அடி பிந்தி எடுத்தேன். என்னிடம் சனிக்கிழமை படிக்கிற ஆகச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துச் சிரிக்கும், அப்படி ஒரு அப்பட்டமான பிழை. எடுத்துவிட்டு, அவர் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

அவரின் இரண்டு கையும் மிருதங்கத் தோலின் மேல் அப்படியே நின்றன. கண் என் முகத்தில் இருந்தது.

"ஸொறி," என்றார். "என்ரை பிழை."